ஆறு ஸ்பூன்

செவ்வாய்க்கிழமை பார்லருக்கு லீவு.
மணி நாலரை.
எண்ணூர் ரயில் பாலத்துக்குக் கீழே
முட்டியளவு கழியில் நிற்கிறேன்.
காலுக்கடியில் மண் இல்லை, சாம்பல்.
அனல்மின் நிலையம் எரித்துத் துப்பியது,
மைதா மாவு மாதிரி குதிகாலை விழுங்கும்.

வெந்நீர் விழுகிற பக்கம் கொடுவா நிற்காது என்பார்கள்.
நிற்கும்.
சூடும் குளிரும் உரசுகிற கோட்டுக்கு இந்தப் பக்கம்,
ஓட்டத்துக்கு வாயைக் காட்டிக்கொண்டு,
மடவைக் குஞ்சு தடுமாறி வரும்வரை.

கலங்கல் தண்ணீருக்குக் கிளிப்பச்சைதான் எடுக்கும்.
பாரிமுனையில் ஒரு பொய்மீன் எண்ணூறு ரூபாய் சொன்னான்.
எனக்கெதற்கு?
ஒரு கல்யாணப் பெண் முகம் சுளித்துத் தள்ளிய
நெயில் பாலிஷ் இருக்கிறது,
தக்கையில் இரண்டு கோட் அடித்தால் போதும்.
கண்ணுக்கு ஐலைனர்.
கண் சரியாக இல்லாவிட்டால் கொடுவா நம்பாது,
என் வாடிக்கைக்காரிகளும்தான்.

இன்றைக்குக் கட்டியிருப்பது வேறு.
சீரில் வந்த எவர்சில்வர் ஸ்பூன்.
காம்பை அறுத்து, இரண்டு முனையிலும் ஓட்டை,
ஒன்றில் நரம்பு, ஒன்றில் கொக்கி.
டிரில் போட்ட கஃபார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
"பேர் மேலயே விழுதே, பரவால்லியா?" என்றார்.
அங்கேதான் வேணும் என்றேன்.
குழியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது:
குணாளன் – ஜெயசுதா, 11.9.2011.
இப்போது
ணாளன் – ஜெயசுதா.

ஓட்டத்துக்கு எதிரே, சற்று மேலாக வீச வேண்டும்.
விழட்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று.
தரை தொடுமுன் ஒரு சுண்டு.
அடிபட்ட மீன் மாதிரி சாய்ந்து மினுக்கும்.
அப்புறம் ஒன்றும் செய்யக் கூடாது.
ஒன்றுமே.
புதிதாக வருகிறவன் இங்கேதான் கெடுப்பான்,
ரீலைச் சுற்றிக்கொண்டே இருப்பான்.
ஓடுவதை வேடிக்கை பார்க்கும் கொடுவா,
நின்றதும் அடிக்கும்.

சத்தம் நின்றபின்தான் அடி விழும் என்பது
எனக்குப் பதினாறு மாதப் பழக்கம்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் தலைக்கு மேல் போனது.
பாலம் அதிர்ந்து அடங்கியது.
நான் சுண்டவில்லை, சுற்றவில்லை.
அடித்தது.

ராடு வளைந்து தண்ணீரை முத்தமிட்டது.
நாற்பது மீட்டர் நரம்பு கீச்சிட்டபடி போனது.
பிறகு ஒரே எழும்பல்,
செவுளைப் படபடவென்று உதறி,
துறைமுக விளக்கில் கண் இரண்டும் கங்கு.
இளவட்டத்தில் ஆணாகத் திரியும் கொடுவா,
பெருத்தபின் பெண்ணாகிவிடும்.
இந்தப் பருமனுக்குச் சந்தேகமே இல்லை.
இவள்.

டிராகைத் தளர்த்தினேன், விட்டேன், வாங்கினேன்.
என்னைவிட அவளுக்குப் பாலம் தெரியும்.
மூன்றாவது தூணுக்கு நேரே போனாள்.
தூணெல்லாம் ஆளி, ஒவ்வொன்றும் பிளேடு.
டப்.

நரம்பு காற்றில் சுருண்டு
என் கன்னத்தில் ஒட்டியது.

வள்ளத்திலிருந்து சந்தியாகு:
"போச்சா?"
"போச்சு."
"எவ்ளோ இருக்கும்?"
அளவு காட்ட இரண்டு கையும் வேண்டும்,
ஒன்றில் ராடு.

கொக்கி ஒரு மாதத்தில் துருப்பிடித்து விழுந்துவிடும்.
வாய் ஆறிவிடும் அவளுக்கு.
ஸ்பூன் மட்டும் துருப்பிடிக்காது.
எங்கேயோ சாம்பலுக்கடியில்
பாதிப் பெயரும் முழுப் பெயருமாக
மல்லாந்து கிடக்கும்.

ஆறு ஸ்பூன் செட் அது.
டப்பாவில் நாலு இருக்கிறது, ஓட்டை போட்டுத் தயாராக.
மிச்சம் ஒன்றால் இன்னும் டீக்குச் சர்க்கரை போடுகிறேன்,
எழுத்து தேய்ந்துவிட்டது, தடவினால்தான் தெரியும்.

ஏத்தம் நிற்க இன்னும் அரை மணி.
பல்லால் முடிச்சை இறுக்குகிறேன்.